கெட்டியான கிளட்ச் எது? ஒரு வரலாற்று வாத்தியாரின் நீண்ட பதில்

இது நீளமான பதிவு. டீயைக் கையில் வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் ஊரில், பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வுபெற்று வந்த 'சொல்தா'க்கள் சிலர் கிளட்சை 'அம்ப்ரேயாஜ்' என்றுதான் சொல்வார்கள். என் சித்தப்பா மெக்கானிக். அவர் 'கிளச்சு' என்பார். ஒரே சாமானுக்கு ஒரே ஒர்க்‌ஷாப் வாசலில் இரண்டு பெயர். புதுச்சேரி அப்படித்தான். முப்பது வருடத்துக்கு மேல் வரலாறு நடத்திவிட்டு இப்போது கருவடிக்குப்பத்தில் உட்கார்ந்துகொண்டு கிளட்ச் பற்றி எழுதுகிறேனே என்று சிரிக்க வேண்டாம். அதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது. அதில் பிரெஞ்சுக்காரன் பங்கு பெரிது. நம் சென்னைக்கும் ஒரு பங்கு உண்டு.

எழுதத் தூண்டியது என் பழைய மாணவன் ஒருவன். 1.5 லிட்டர் டர்போ பெட்ரோல் கார் வைத்திருக்கிறான், மேனுவல் கியர். என்ஜினின் கம்ப்யூட்டரில் 'ரீமேப்' செய்து சக்தியைக் கூட்டியிருக்கிறான். இப்போது ஐந்தாவது கியரில் ஆக்சிலேட்டரை மிதித்தால் ஆர்.பி.எம். முள் ஏறுகிறது, வண்டி ஏறவில்லை. கருகிய வாடை வேறு. "சார், ஸ்டேஜ் 1, ஸ்டேஜ் 2, ஸ்டேஜ் 3ன்னு விக்கிறாங்க. இருக்கிறதிலயே கெட்டியானதைப் போட்டுடலாமா?" என்று கேட்டான்.

வேண்டாம் என்று ஒரு வார்த்தையில் சொல்லியிருக்கலாம். ஏன் வேண்டாம் என்பதற்கு நூற்று முப்பது வருடம் பின்னால் போக வேண்டியிருக்கிறது.

கிளட்சின் வேலை என்ன? என்ஜின் எப்போதும் சுற்றிக்கொண்டே இருக்கும். சக்கரம் நிற்கும், ஓடும், மறுபடி நிற்கும். இந்த இரண்டையும் சேர்க்கவும் பிரிக்கவும் நடுவில் ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் சட்டென்று பிடித்தால் வண்டி குதிக்கும், பல் உடையும். கொஞ்சம் வழுக்கி, பிறகு இறுகப் பிடிக்க வேண்டும். வழுக்கவும் வேண்டும், வழுக்கவும் கூடாது. இந்த முரண்பாட்டைத் தீர்க்கத்தான் இத்தனை தலைமுறைப் பொறியாளர்கள் மண்டையை உடைத்துக்கொண்டார்கள்.

கார்ல் பென்ஸ் 1886இல் காப்புரிமை வாங்கிய மூன்று சக்கர வண்டியில் கிளட்ச் என்று தனியாக ஒன்றும் இல்லை. தோல் பெல்ட். அதைச் சும்மா சுற்றும் கப்பியிலிருந்து இயங்கும் கப்பிக்குத் தள்ளினால் வண்டி நகரும். நம் ரைஸ்மில்லில் பழைய ஆட்கள் பார்த்த அதே ஏற்பாடு. பிறகு பிரான்சில் பான்ஹார் எ லெவாசோர் நிறுவனம் 1891 வாக்கில் முன்னால் என்ஜின், அடுத்து கிளட்ச், அடுத்து கியர்பாக்ஸ், பின்சக்கரத்துக்கு ஓட்டம் என்ற வரிசையை வகுத்தது. எழுபது எண்பது வருடம் உலகம் பெரும்பாலும் அந்த வரிசையிலேயே கார் செய்தது. நம் அம்பாசடரும் அந்த வம்சம்தான்.

அந்தக் காலத்து கிளட்ச் கூம்பு வடிவம். ஃப்ளைவீலுக்குள் புனல் மாதிரி ஒரு குழி, அதற்குள் தோல் போர்த்திய ஒரு கூம்பு போய்ச் செருகும். தோல் காய்ந்து விறைத்தால் வண்டி வெடுக்கென்று குதிக்கும். அதற்கு ஓட்டுநர்கள் தோலில் எண்ணெய் தடவுவார்கள். விளக்கெண்ணெயும் அதில் ஒன்று. எண்ணெய் கூடிப்போனால் வழுக்கும். அப்போது எண்ணெயை உறிஞ்சும் ஒரு வகைக் களிமண் பொடியை அள்ளித் தூவுவார்கள். ஆக, அன்றைக்கு கிளட்சை 'மேம்படுத்துவது' என்றால் ஒரு கையில் எண்ணெய்க் கிண்ணம், இன்னொரு கையில் மண். இன்றைக்கு ஸ்டேஜ் 1, ஸ்டேஜ் 2 என்கிறார்கள். அந்த ஸ்டேஜ் கணக்குக்குப் பொதுவான தரம் எதுவும் கிடையாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒரு கம்பெனியின் ஸ்டேஜ் 2 இன்னொரு கம்பெனியின் ஸ்டேஜ் 1ஆக இருக்கலாம்.

கூம்பை விட்டுத் தட்டையான ஒற்றைத் தட்டுக்கு வர வேண்டும் என்று முதலில் உணர்ந்தவர்களில் பிரான்சின் தெ தியோன்-பூத்தோன் கம்பெனிக்கு முக்கிய இடம். 1904 வாக்கிலேயே அவர்கள் அந்த வழியில் போய்விட்டார்கள். ஆனால் தட்டு இருந்தால் போதுமா? தட்டின் மேல் எதை ஒட்டுவது? சூட்டைத் தாங்க வேண்டும், தேயக்கூடாது, பிடிக்கவும் வேண்டும். தோல் கருகியது. இங்கேதான் கதை மாறுகிறது.

இங்கிலாந்தில் ஹெர்பர்ட் ஃபுரூட் என்று ஒருவர். டெர்பிஷயர் மலைச்சரிவில் குதிரை வண்டிக்காரர்கள் பிரேக் கட்டையில் பழைய பூட்ஸைச் சேர்த்து வைத்துப் பிடிமானம் கூட்டுவதைப் பார்த்துத் தொழிலுக்கு வந்தவர் என்பார்கள். 1897இல் ஆரம்பித்தார். தன் பெயரின் எழுத்துகளைக் கலைத்துப் போட்டு, மனைவி எலிசபெத்தின் முதல் எழுத்தையும் சேர்த்து 'ஃபெரோடோ' என்று பெயர் வைத்தார். பிரேக் லைனிங்குக்கு அவர் கடைசியில் வந்து சேர்ந்த பொருள் கல்நார். அதாவது அஸ்பெஸ்டாஸ். நெருப்பில் வேகாது, நூலாக நூற்கலாம், துணியாக நெய்யலாம், விலையும் மலிவு. பிரேக்குக்கும் கிளட்சுக்கும் இதைவிட வேறென்ன வேண்டும்?

1923இல் பாரிசுக்குப் பக்கத்தில் சாந்த்-ஊவான் என்ற இடத்தில் இந்த ஃபெரோடோவின் பிரெஞ்சுக் கம்பெனி தொடங்கியது. 1932இல் கிளட்சும் செய்ய ஆரம்பித்தார்கள். 1980இல் பெயரை மாற்றிக்கொண்டார்கள். அந்தப் புதிய பெயர்தான் வேலியோ. இன்று உங்கள் வண்டி கிளட்ச் பெட்டியின் மேல் அந்தப் பெயர் இருக்கலாம். சென்னையின் அமால்கமேஷன்ஸ் குழுமத்தோடு சேர்ந்து இங்கேயே கிளட்ச் செய்தவர்களும் அவர்கள்தான்.

இதோடு விட்டால் இது ஒரு கம்பெனி விளம்பரம். வரலாறு எழுதுகிறவன் இன்னொரு காகிதத்தையும் புரட்ட வேண்டும். பிரான்சின் நார்மண்டியில் கோந்தே-சுர்-நுவாரோ என்று ஒரு சிற்றூர். அங்கே 1890இல் ஒரு கல்நார் நூற்பாலை தொடங்கினார்கள். தொழிலாளர் துறை ஆய்வாளர் தெனி ஓரிபோ என்பவர் 1906இல் ஓர் அறிக்கை எழுதினார். அந்த ஆலை தொடங்கிய முதல் ஐந்து வருடத்துக்குள் ஆணும் பெண்ணுமாக ஏறக்குறைய ஐம்பது தொழிலாளர்கள் இறந்துபோனார்கள் என்று அதில் இருக்கிறது. காற்றோட்டம் இல்லை, தூசியை உறிஞ்சி வெளியேற்ற ஏற்பாடு இல்லை. பின்னாளில் பிரேக், கிளட்ச் லைனிங் செய்த ஃபெரோடோ ஆலையும் அதே வட்டாரத்தில்தான் இருந்தது. அந்தப் பள்ளத்தாக்குக்கு பிரான்சில் 'சாவுப் பள்ளத்தாக்கு' என்று பெயரே விழுந்துவிட்டது. பிரான்ஸ் கல்நாரைத் தடை செய்தது 1997 ஜனவரி 1 முதல். அறிக்கைக்கும் தடைக்கும் நடுவில் தொண்ணூறு வருடம். இரண்டு உலகப் போர் முடிந்து, புதுச்சேரி கைமாறி, நானும் பாதி சர்வீஸ் முடித்துவிட்டேன்.

நம் நாட்டில் 1995இல் உச்ச நீதிமன்றம் கல்நார் ஆலைத் தொழிலாளர்களின் உடல்நலம் பற்றி முக்கியமான ஒரு தீர்ப்புத் தந்தது. தொழிலாளியின் ஆரோக்கியம் அவனுடைய வாழ்வுரிமையின் பகுதி என்றது. ஆனாலும் கல்நாருக்கு இங்கே முழுத் தடை வரவில்லை. கூரை ஷீட்டை நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள்.

சித்தப்பாவைப் பற்றி இங்கே சொல்லத்தான் வேண்டும். அவர் கிளட்சைக் கழற்றினால் முதலில் செய்கிற வேலை, அந்த வெங்கலக் கறுப்புத் தூசியை வாயால் 'ஃபூ' என்று ஊதுவது. கம்ப்ரசர் வந்த பிறகு அதால் ஊதினார்கள். ஒர்க்‌ஷாப்பே புகை மூட்டமாக இருக்கும். நாங்கள் பிள்ளைகள் அதற்குள் நின்று வேடிக்கை பார்ப்போம். கடைசி ஆறேழு வருடம் அவர் பத்தடி நடந்தால் நின்று மூச்சு வாங்குவார். பீடியா, தூசியா என்று எந்த டாக்டரும் பிரித்துச் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. அவரிடம் வேலை கற்றுக்கொண்ட பையன்கள் சிலர் இன்னும் தொழிலில் இருக்கிறார்கள். அவர்களிலும் சிலர் இன்னும் ஊதுகிறார்கள்.

நல்ல கம்பெனிகளின் பிளேட்டில் இப்போது கல்நார் இல்லை. கண்ணாடி இழை, அராமிட் இழை (கெவ்லார் என்பது அதில் ஒரு பிராண்ட்), பித்தளைக் கம்பி, ரெசின் என்று கலந்து செய்கிறார்கள். இதைத்தான் கடையில் 'ஆர்கானிக்' என்பார்கள். நம் ஊர் இயற்கை வேளாண்மைக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. பெயர் தெரியாத, உறையில் ஒன்றும் எழுதாத மலிவு பிளேட்டில் என்ன இருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அதனால் 'அஸ்பெஸ்டாஸ் இல்லாதது' என்று எழுதியிருக்கிறதா என்று பார்ப்பது என் முதல் நிபந்தனை. சக்தி, வேகம் எல்லாம் அதற்கு அப்புறம்.

அழுத்துகிற பக்கத்தில் நடந்த மாற்றத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதலில் சுற்றிவரச் சுருள் வில்கள். 1930களின் இறுதியில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் அதற்குப் பதிலாகத் தட்டு மாதிரி ஒரே வில்லைக் கொண்டுவந்தது. டயஃப்ரம் ஸ்பிரிங். அது பரவ இன்னும் முப்பது வருடம் ஆயிற்று. ஜெர்மனியில் 1965இல் லூக் கம்பெனி பிறந்ததே அதை நம்பித்தான். அந்த லூக் இன்று நம் ஓசூரிலும் இருக்கிறது.

இனி நம் ஊர்ப் பந்தயம். சோழவரம் தெரியுமா? இரண்டாம் உலகப் போருக்காகப் போட்ட விமான ஓடுபாதை. 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், பல பத்தாண்டுகள் அங்கேதான் பந்தயம் நடத்தியது. 1990இல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் சொந்தத் தடம் வந்தது. கோவைக்காரர் எஸ். கரிவரதன் மாருதியின் 800 சி.சி. என்ஜினைப் போட்டு 'ஃபார்முலா மாருதி' என்று ஒற்றை இருக்கைப் பந்தய வண்டி செய்தார். சாதாரண வீட்டுப் பையனும் பந்தயம் ஓட்டலாம் என்ற நிலை அதனால் வந்தது. 1995இல் விமான விபத்தில் போய்விட்டார். கோவையில் 2003இல் திறந்த பந்தயத் தடத்துக்கு அவர் பெயர்தான். அந்த மாருதி என்ஜினின் முறுக்கு விசை 60 நியூட்டன் மீட்டர் அளவுதான். அதற்கு எந்த கிளட்சும் தாங்கும். இப்போது என் மாணவன் வண்டி கம்பெனியில் இருந்து வரும்போதே 250 நியூட்டன் மீட்டர். நான்கு மடங்குக்கு மேல்.

இந்த நான்கு மடங்குக்குக் காரணம் டர்போ. சுவிட்சர்லாந்துக்காரர் ஆல்ஃபிரெட் பியூஷி 1905இல் காப்புரிமை வாங்கினார். வெளியே வீணாகப் போகும் புகையை வைத்து ஒரு சக்கரத்தைச் சுற்றி, அதன் மூலம் என்ஜினுக்குள் காற்றைத் திணிக்கிற யோசனை. முதல் உலகப் போரில் பிரெஞ்சுப் பொறியாளர் ஓகுஸ்த் ராத்தோ அதை விமான என்ஜினில் பூட்டிப் பார்த்தார். ஃபார்முலா ஒன்னுக்கு அதைக் கொண்டுவந்ததும் பிரெஞ்சுக்காரர்கள்தான். 1977இல் சில்வர்ஸ்டோனில் ரெனோ தன் டர்போ காரை இறக்கியது. பாதியில் நின்று புகை விட்டது. ஆங்கிலேயர்கள் 'மஞ்சள் டீ கெண்டி' என்று கேலி செய்தார்கள். 1979இல் திழோனில், சொந்த மண்ணில், அதே கம்பெனியின் டர்போ கார் முதல் இடம் வந்தது. கேலி செய்தவர்களும் பின்னால் டர்போவுக்கு வந்துவிட்டார்கள். 1980களின் நடுவில் அந்த என்ஜின்கள் ஆயிரம் குதிரைத்திறனைத் தாண்டின. அதைப் பிடிக்கப் பழைய பிளேட்டால் முடியவில்லை. உள்ளங்கை அளவு கார்பன் தட்டுகள் பலவற்றை அடுக்கி கிளட்ச் செய்தார்கள்.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. கிளட்சைக் கொல்வது முறுக்கு விசை. குதிரைத்திறனை மட்டும் பார்த்து கிளட்ச் வாங்கக்கூடாது. டர்போ இல்லாத 1.5 லிட்டர் பெட்ரோல் என்ஜின் 145 நியூட்டன் மீட்டர் அளவுதான் தரும், அதையும் 4,500 சுற்று வாக்கில்தான் தரும். இதே அளவு டர்போ என்ஜின் 1,600 சுற்றிலேயே 250ஐத் தூக்கிக் கொடுத்துவிடும். அதனால்தான் டாப் கியரில் மெதுவாகப் போய்க்கொண்டிருக்கும்போது மிதித்தால் கிளட்ச் வழுக்குகிறது. முதல் கியரில் சக்கரம் சுற்றித் தப்பித்துக்கொள்ளும். ஐந்தாவது கியரில் தப்பிக்க வழியில்லை.

ஒரு சின்னக் கணக்கு. கிளட்ச் தாங்கும் முறுக்கு விசை, நான்கு எண்களின் பெருக்கல்: எத்தனை உராய்வு முகம், உராய்வுக் கெழு எவ்வளவு, அழுத்தும் விசை எவ்வளவு, சராசரி ஆரம் எவ்வளவு. ஒற்றைத் தட்டுக்கு முகம் இரண்டு. ஆர்கானிக் லைனிங்குக்குக் கெழு 0.3 என்று வைப்போம். அழுத்தம் 6,000 நியூட்டன், ஆரம் 9.5 சென்டிமீட்டர். பெருக்கினால் 342 நியூட்டன் மீட்டர். 250க்கு இது தாராளம். கம்பெனிக்காரன் வேண்டுமென்றே வைத்த கூடுதல் இடம் அது. தேய்மானம், சூடு, முரட்டு ஓட்டம் எல்லாவற்றுக்கும். ரீமேப் செய்து 340க்குக் கொண்டுபோனால் அந்த இடத்தை முழுவதும் தின்றுவிட்டீர்கள்.

இப்போது தேர்வு. பிரஷர் பிளேட்டின் அழுத்தத்தை 30 சதவீதம் கூட்டினால் 444 வரும். ஆனால் பெடலும் ஏறக்குறைய அதே அளவு கனக்கும். ரிலீஸ் பேரிங் அதிகம் தேயும். கிராங்க் ஷாஃப்டை முன்பின் தள்ளாமல் பிடிக்கும் திரஸ்ட் பேரிங்கும் அந்தப் பாரத்தை வாங்கும். அது போனால் என்ஜினையே பிரிக்க வேண்டும். இரண்டாவது வழி, லைனிங்கை மாற்றி செராமிக் கலந்த உலோகத் துண்டுகள் பதித்த பிளேட் போடுவது. கெழு 0.4 என்றால் 456. பெடல் கனக்காது. ஆனால் அது அந்தப் பழைய கூம்பு கிளட்சின் காய்ந்த தோல் மாதிரி: பிடித்தால் பிடித்தது, அரைக் கிளட்ச் என்பதே கிடையாது. பந்தயத் தடத்துக்குச் சரி. ஃப்ளைவீலையும் சுரண்டும். மூன்றாவது வழி, இரண்டு பிளேட் அடுக்குவது. பெடல் இலகுவாக இருக்கும், பிடிமானம் இரட்டிப்பாகும், விலையும் எங்கேயோ போகும்.

340 நியூட்டன் மீட்டர் வண்டிக்கு, தினமும் ஓட்டுகிற ஆளுக்கு, என் பதில்: ஆர்கானிக் அல்லது அராமிட் முழுவட்ட பிளேட், நடுவில் ஸ்பிரிங் வைத்த ஹப், அழுத்தம் கொஞ்சமே கூடிய பிரஷர் பிளேட். தாங்கும் அளவு 430, 440 இருந்தால் போதும். 600 தாங்குகிற கிளட்சைப் போடாதீர்கள். ஏனென்றால் வழுக்குகிற கிளட்ச் ஒரு ஃப்யூஸ் மாதிரி. அது விட்டுக்கொடுப்பதால் கியர்பாக்ஸும் ஆக்சிலும் பிழைக்கின்றன. ஃப்யூஸ் இடத்தில் கட்டுக்கம்பி கட்டினால் அடுத்து எது எரியும்? கிளட்ச் பிளேட்டின் விலையையும் கியர்பாக்ஸின் விலையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

வண்டியில் இரட்டைப் பகுதி ஃப்ளைவீல் இருந்தால் அதையும் பிரித்தபோதே பார்த்துவிட வேண்டும். லூக் 1985இல் சந்தைக்குக் கொண்டுவந்த சாமான் அது. என்ஜினின் அதிர்வைத் தனக்குள் விழுங்கும். 'அதை எடுத்துவிட்டு ஒற்றை ஃப்ளைவீல் போடுங்க, கெட்டி' என்பார்கள். கெட்டிதான். நியூட்ரலில் நிற்கும்போது தகர டப்பாவில் கூழாங்கல் போட்டு ஆட்டுகிற சத்தத்துக்கும் தயாராக இருக்க வேண்டும். ரீமேப் செய்ததாலேயே கம்பெனி வாரண்டி கைவிட்டுப் போகும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

ஆட்டோமேட்டிக் வைத்திருக்கிறவர்கள் நமக்கு இந்தத் தொல்லை இல்லை என்று நினைக்க வேண்டாம். டி.எஸ்.ஜி. என்கிற இரட்டை கிளட்ச் பெட்டியின் யோசனையும் பிரெஞ்சுக்காரருடையதுதான். அதோல்ஃப் கெக்ரெஸ். ரஷ்யச் சக்கரவர்த்தி இரண்டாம் நிக்கோலஸின் கார் கொட்டகையை நிர்வகித்தவர், புரட்சிக்குப் பின் பிரான்சுக்குத் திரும்பி சித்ரோயனோடு வேலை செய்தவர். 1939இல் இதை முன்வைத்தார். 1943இல் இறந்தார். ஃபோக்ஸ்வாகன் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது 2003இல். இங்கே சிறிய டர்போ கார்களில் வரும் ஏழு கியர் உலர் கிளட்ச் வகையின் வரம்பு 250 நியூட்டன் மீட்டர். வண்டியே 250 தருகிறது என்றால், ரீமேப் கடைக்குப் போகும் முன் நூறு முறை யோசியுங்கள்.

கடைசியாக மெக்கானிக் வீட்டுப் பிள்ளையாக இரண்டு வார்த்தை. பழைய கிளட்சைக் கழற்றும்போது பக்கத்தில் குழந்தைகளை நிறுத்தாதீர்கள். தூசியை ஊத விடாதீர்கள், ஈரத்துணியால் துடைக்கச் சொல்லுங்கள், முகக்கவசம் நீங்களே வாங்கிக் கொடுங்கள். கொரோனாவில் வாங்கிய அந்த நீலத் துணி இதற்கு உதவாது. கல்நார் தூசிக்கு என்-95உம் போதாது. பி-100 வடிகட்டி பொருத்திய சுவாசக் கவசம் வேண்டும்.

புது பிளேட் போட்டதும் ஈ.சி.ஆரில் ஏறி மிதிக்கக் கூடாது. இரண்டு முகமும் ஒன்றோடு ஒன்று படிய எண்ணூறு கிலோமீட்டராவது வேண்டும், அதுவும் அடிக்கடி நின்று கிளம்புகிற ஓட்டமாக இருக்க வேண்டும். அதற்கு நம் ஊர் மாதிரி வசதி எங்கே கிடைக்கும்? சிவாஜி சிலையிலிருந்து ராஜீவ் காந்தி சிக்னல், அங்கிருந்து இந்திரா காந்தி சிக்னல், நெல்லித்தோப்பு வழியாகத் திரும்பி வாருங்கள். சனி, ஞாயிறு சுற்றுலாக் கூட்டத்தில் போனால் இன்னும் சீக்கிரம் படிந்துவிடும்.